இழுக்காத கயிறு

மறுபடி மறுபடி நழுவும் முழங்கால் சில்லு பெரும்பாலும் இளையோரின் தொல்லை. அதற்குப் பெரிய அடி எதுவும் படவேண்டியதில்லை. பந்தைத் துரத்தி ஓடுகையில் சட்டென்று திசை மாறுவது, நடனத்தில் ஒரு சுழற்சி, படியிறங்கும்போது யாரோ கூப்பிட்டதும் திரும்புவது, இவ்வளவு போதும். பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்புகிறது. முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் அந்த நொடியில் தொடையின் முன்தசை சுருங்கிச் சில்லை இழுக்க, அது தன் பள்ளத்தை விட்டு ஏறி வெளிப்பக்கத்தில் போய் நிற்கிறது. காலை நீட்டினால் பல சமயம் தானாகவே உள்ளே வந்துவிடும். ஆனால் போய்வந்த அந்தச் சிறு தூரத்தில் சில்லின் உள்விளிம்பு தொடை எலும்பின் வெளிக்குமிழில் மோதுகிறது. குருத்தெலும்பு சிராய்கிறது, சில சமயம் துண்டாகவே பெயர்கிறது. உட்பக்கத் தசைநார் கிழிகிறது. மூட்டுக்குள் ரத்தம் கோத்து வீங்குகிறது. கலிஃபோர்னியாவில் ஃபித்தியன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை நழுவியவர்களில் 17 சதவீதம் பேருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடி நழுவியது. முன்பே நழுவிய வரலாறு உள்ளவர்களில் அந்த எண்ணிக்கை 49 சதவீதம். இரண்டாவது நழுவலுக்குப் பிறகு கால் மீதிருந்த நம்பிக்கை போய்விடுகிறது. மருத்துவர் சில்லின் மீது விரலை வைத்து வெளிப்பக்கம் லேசாகத் தள்ளினாலே நோயாளியின் கை பாய்ந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். வலி வருமுன்னே வரும் அந்தப் பதற்றமே நோயைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனையாக மருத்துவத்தில் இடம்பெற்றிருக்கிறது.

இதைச் சரிசெய்ய நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகள் எழுதிவைக்கப்பட்டுள்ளன. ஒரு நோய்க்கு இத்தனை முறைகள் இருப்பது வளத்தின் அடையாளமாகாது. நெடுங்காலம் அந்த நோயின் காரணம் சரியாகப் பிடிபடவில்லை என்றே அதற்குப் பொருள். இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: சில்லை உட்பக்கமாக இழுத்து வைக்க முயன்ற அறுவைகள் நழுவலை நிறுத்தினாலும் மூட்டைக் கெடுத்தன. சில்லு தானாகச் சரியான வழியில் போகும்படி எலும்பையும் நாரையும் திருத்தும் அறுவைகளே நிலைத்தன. ஆகவே நல்ல சிகிச்சை என்பது ஒவ்வொரு முழங்காலிலும் எது தவறியிருக்கிறது என்று அளந்து பார்த்து, அதை மட்டும், போதுமான அளவு மட்டும் திருத்துவது. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த முடிவுக்கு வர எலும்பு மருத்துவத்துக்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

சில்லைப் பிடித்துவைப்பது எது?

தசைநாணுக்குள் பதிந்து வளரும் எலும்புகளில் உடலிலேயே பெரியது முழங்கால் சில்லு. மேலே தொடையின் நாற்றலைத் தசை அதைப் பிடித்திருக்கிறது. கீழே கெட்டியான ஒரு நாண் அதைக் கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டோடு இணைக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே விரலால் தடவினால் தட்டுப்படும் புடைப்புதான் அந்த மேடு. தசையின் இழுவிசை மூட்டின் அச்சுக்குச் சற்று முன்னால் செல்லும்படி சில்லு தள்ளிப் பிடித்திருப்பதால்தான் குறைந்த விசையில் காலை நீட்ட முடிகிறது. அதற்கு மூட்டு கொடுக்கும் விலை அழுத்தம். சமதரையில் நடக்கும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே உடல் எடையில் பாதி அளவு விசை இருக்கும். படியேறும்போது அது எடையின் மூன்று மடங்கைத் தாண்டும். குத்தவைத்து எழும்போது ஏழு மடங்கையும் தாண்டும். இவ்வளவையும் தாங்கவேண்டியிருப்பதால் உடலின் மிகத் தடித்த குருத்தெலும்பு சில்லின் பின்புறத்தில்தான் இருக்கிறது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சில்லின் இடத்தை மாற்றும் எந்த அறுவையும் இந்த அழுத்தத்தையும் சேர்த்தே மாற்றுகிறது.

சில்லு ஏன் வெளிப்பக்கமே நழுவுகிறது? இடுப்பிலிருந்து இறங்கும் தொடை எலும்பு நேராக இறங்குவதில்லை. உட்பக்கம் சாய்ந்து முழங்காலை அடைகிறது. மேலே தசை இழுக்கும் கோடும் கீழே நாண் செல்லும் கோடும் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் ஒரு கோணத்தில் சந்திக்கின்றன. எனவே தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் சில்லுக்கு வெளிப்பக்கமாக ஒரு தள்ளல் கிடைக்கிறது. நடக்கும் எல்லா மனிதருக்கும் இது உண்டு. பெரும்பாலோருக்குச் சில்லு நழுவாமல் இருப்பதற்கு எலும்பும் நாரும் சேர்ந்து காவல் இருப்பதே காரணம். தொடை எலும்பின் முன்பக்கப் பள்ளத்தில் வெளிச்சுவர் உட்சுவரைவிட உயரமானது. சில்லு அதில் இறங்கிவிட்டால் வெளியேறுவது கடினம். ஆனால் கால் முழுதாக நீண்டிருக்கும்போது சில்லு பள்ளத்துக்கு மேலே நிற்கிறது. முழங்கால் 20, 30 பாகை மடங்கிய பிறகே பள்ளத்தில் நன்றாக உட்காருகிறது. அதற்கு முந்தைய அந்தச் சிறிய இடைவெளியில், எலும்பின் துணை இல்லாத நேரத்தில், சில்லின் உள்விளிம்பையும் தொடை எலும்பின் உட்குமிழையும் இணைக்கும் மெல்லிய தசைநார்தான் முக்கியக் காவல். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த உட்பக்கச் சில்லுத் தசைநாரை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. 1979இல் வாரன், மார்ஷல் ஆகியோர் முழங்காலின் உட்பக்கத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்து விவரித்தபோதுதான் அதன் இடம் தெளிவானது. 1990களில் இறந்தோர் உடல்களில் நடந்த விசைச் சோதனைகள், சில்லு வெளிப்பக்கம் போவதைத் தடுக்கும் மென்திசு விசையில் பாதிக்கும் மேல் இந்த ஒரே நாரிடமிருந்து வருவதாகக் காட்டின.

அந்தத் தசைநார் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் பின்னால் வரும் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முளையில் கட்டிய கன்றின் கயிறு போன்றது அது. கன்று முளைக்கு அருகே மேயும்வரை கயிறு தொய்ந்தே கிடக்கும். எல்லையைத் தாண்டப் பார்க்கும்போது மட்டும் விறைக்கும். கன்றை எந்நேரமும் முளையை நோக்கி இழுப்பது கயிற்றின் வேலை அல்ல. தசைநாரும் அப்படியே. கால் நீண்டிருக்கும்போதும் மடங்கத் தொடங்கும்போதும் சில்லு எல்லை தாண்டாதபடி காத்து, பள்ளத்தில் சில்லு இறங்கியபின் தளர்ந்து ஒதுங்கிவிடுகிறது. ஆய்வகச் சோதனைகளில் ஏறத்தாழ 200 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான இழுப்பில், அது அறுந்துவிடுகிறது. முழங்காலின் மற்றத் தசைநார்களோடு ஒப்பிட்டால் இது மெலிந்த நார். வலிமையால் காப்பதைவிட, சரியான இடத்தில் சரியான நீளத்தில் இருப்பதால்தான் அது காக்கிறது.

தோற்ற அறுவைகள் தந்த பாடம்

இந்த அறிவு கிடைக்குமுன் மருத்துவர்களின் பார்வை கண்ணுக்குத் தெரிந்த இடத்திலேயே நின்றது. சில்லு வெளிப்பக்கம் போகிறதா? உட்பக்கம் இழு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் செசார் ரூ 1888இல் இந்த வழியை விவரித்தார். குடல் அறுவையில் இன்றும் பெயர் நிலைத்திருக்கும் அதே ரூ. 1938இல் சிகாகோவின் எமில் ஹவுசர் வகுத்த முறை உலகெங்கும் பரவியது. கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டை நாணோடு சேர்த்து வெட்டியெடுத்து, உட்பக்கமாகவும் கீழாகவும் நகர்த்திப் பொருத்துவது அவர் முறை. சில்லு நழுவுவது பெரும்பாலும் நின்றது. வெற்றி என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

பிழை வடிவியலில் இருந்தது. கீழ்க்கால் எலும்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாகத் தெரியும். முன்மேடு அந்த முக்கோணத்தின் முன்முனையில் இருக்கிறது. அங்கிருந்து உட்பக்கம் நகர்த்தினால் மேடு சரிவில் பின்னாலும் இறங்கிவிடும். நாண் பின்வாங்கினால் சில்லு தொடை எலும்பின் மீது இன்னும் அழுந்தும். படியேறுகையில் ஏற்கெனவே எடையின் மூன்று மடங்கைச் சுமக்கும் குருத்தெலும்பின் மீது இது கூடுதல் சுமை. கிராஸ்பி, இன்சால் ஆகியோர் 1976இல் வெளியிட்ட நீண்டகால மதிப்பீட்டில், மேட்டை நகர்த்திய முழங்கால்களில் பிற்காலத் தேய்மானம் மிகுதியாகக் காணப்பட்டது. அறுவை செய்யாதவர்களில் அது அரிதாக இருந்தது. இரண்டு முழங்காலிலும் நழுவல் இருந்து ஒன்றில் மட்டும் அறுவை செய்துகொண்டவர்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 1992இல் வந்தது. அதிலும் அறுவை செய்த காலே அதிகம் தேய்ந்திருந்தது. ஒரே ஆள், ஒரே எடை, ஒரே வாழ்க்கை. வேறுபட்டது அறுவை மட்டும். எளிதில் தள்ளிவிட முடியாத சான்று இது.

எலும்பைத் தொட்டதால்தானே கேடு, மென்திசுவை மட்டும் தொடலாமே என்று அடுத்த தலைமுறை நினைத்தது. 1970களில் சில்லின் வெளிப்பக்கத் திசுவை வெட்டித் தளர்த்தும் அறுவை பரவியது. வெளியே இழுப்பதை வெட்டிவிட்டால் உள்ளே வந்துவிடும் என்பது கணக்கு. மூட்டு உள்நோக்கிக் கருவி வந்ததும் சிறு துளை வழியே, சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலையாக அது மாறியது. எளிதாகச் செய்ய முடிந்ததாலேயே தேவைக்கு மேல் செய்யப்பட்டது. ஆனால் கிழிந்திருப்பது உட்பக்க நார். வெளிப்பக்கத்தை வெட்டுவதால் அது தைக்கப்படுவதில்லை. வெளிப்பக்கத் திசுவும் சில்லை நிலைநிறுத்துவதில் பங்கு கொள்வதால், அதை வெட்டியபின் சில்லுக்கு இருபுறமும் பிடிப்புக் குறைந்தது. இந்த அறுவைக்குப் பின் சில்லு உட்பக்கமாக நழுவத் தொடங்கிய நோயாளிகளைப் பற்றி ஹியூஸ்டனும் டீஸும் 1988இல் எழுதினார்கள். ஒரு திசையில் நழுவிய சில்லை இரு திசையிலும் நழுவவைத்த சிகிச்சை அது. நழுவலுக்கு இதைத் தனி அறுவையாகச் செய்வதை இன்று வல்லுநர்கள் ஏற்பதில்லை.

இவற்றைச் செய்தவர்கள் தம் காலத்தின் சிறந்த மருத்துவர்கள். அவர்களைக் குறைசொல்வதில் பயனில்லை. பார்க்கவேண்டியது அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோலை. மறுபடி நழுவியதா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். நோயாளிக்கோ வயது 16. அந்த முழங்கால் இன்னும் 60 ஆண்டுகள் படியேறவேண்டும். நழுவாமல் இருப்பதோடு, இயல்பான அழுத்தத்தோடு இயங்குவதும் வெற்றியின் பகுதி என்ற எண்ணம் இந்தத் தோல்விகளிலிருந்துதான் பிறந்தது.

லியோனின் நான்கு அளவுகள்

திருப்பம் பிரான்சின் லியோன் நகரில் வந்தது. ஆன்ரி தெழூரும் அவர் குழுவினரும் நழுவிய முழங்கால்களையும் நழுவாதவற்றையும் எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து, 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எந்த அறுவை சிறந்தது என்ற கேள்வியை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். நழுவும் முழங்கால் மற்ற முழங்கால்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று கேட்டார்கள். நான்கு விடைகள் கிடைத்தன. முதலாவது, தொடை எலும்பின் பள்ளம் ஆழமில்லாமல் தட்டையாகவோ, சில சமயம் புடைத்தோ இருப்பது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பள்ளத்தின் அடிக்கோடு குமிழின் முன்கோட்டை வெட்டிச் சென்றால் அந்த இடத்தில் பள்ளமே இல்லை என்று பொருள். நழுவியவர்களில் 96 சதவீதம் பேரிடம் இந்த அறிகுறி தென்பட்டது. இரண்டாவது, சில்லு வழக்கத்தைவிட மேலே நிற்பது. அப்படி நின்றால் பள்ளத்தில் இறங்க அது அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். காவலற்ற இடைவெளி நீளும். மூன்றாவது, கால் நீண்டிருக்கையில் சில்லு 20 பாகைக்கு மேல் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது. நான்காவது, கீழே நாண் பதியும் மேடு மிக வெளிப்பக்கத்தில் இருப்பது.

இந்த நான்காவது அளவை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தால் அந்த வேலையின் நுட்பம் புரியும். சி.டி. ஸ்கேனில் முழங்காலைக் குறுக்கே வெட்டிய இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று பள்ளம் மிக ஆழமாக உள்ள இடம். மற்றொன்று முன்மேடு உள்ள இடம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு கோடும் மேட்டின் நடுவிலிருந்து ஒரு கோடும் வரைகிறார்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையிலான தூரம் 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தசையின் இழுப்பு சில்லை வெளியே தள்ளும் கோணத்தில் இருக்கிறது என்று முடிவு. லியோன் ஆய்வில் நழுவியவர்களில் 56 சதவீதம் பேருக்கு அப்படி இருந்தது. மீதி 44 சதவீதம் பேருக்கு அப்படி இல்லை என்பதும் அதே அளவு முக்கியம். ஹவுசர் முறை எல்லோருக்கும் மேட்டை நகர்த்தியது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மேடு இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது என்று இந்த அளவு சொல்கிறது. நழுவும் சில்லு என்பது ஒரே நோய் போலத் தோன்றினாலும், பல காரணங்கள் பல விகிதங்களில் கலந்து தரும் ஒரே விளைவு அது. காரணம் ஆளுக்கு ஆள் மாறும்போது அறுவை மட்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

கிழிந்த நாரை மறுபடி அமைப்பது

காரணங்கள் பலவானாலும் மறுபடி மறுபடி நழுவியவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருக்கும் சேதம் ஒன்று உண்டு: உட்பக்கத் தசைநார் கிழிந்தோ, கிழிந்தபின் நீண்டு தொய்ந்தோ இருக்கும். அதனால் அந்த நாரை மறுபடி அமைப்பது இன்றைய சிகிச்சையின் மையமாகிவிட்டது. பிரேசிலின் எலேரா கோமெஸ் 1992இல் செயற்கை நாரை வைத்துச் செய்த முதல் முடிவுகளை வெளியிட்டார். இன்று பெரும்பாலும் நோயாளியின் சொந்த நாணையே பயன்படுத்துகிறார்கள். தொடையின் உட்பக்கத்தில் கிராசிலிஸ் என்ற மெல்லிய தசையின் நாண், முழங்காலுக்குக் கீழே சிறு கீறல் வழியே உருவி எடுக்கப்படுகிறது. அதன் ஒரு முனை சில்லின் உள்விளிம்பில் பொருத்தப்படும். மறுமுனை தோலுக்கும் மூட்டு உறைக்கும் இடையே உள்ள அடுக்கின் வழியே தொடை எலும்பின் உட்குமிழுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே துளையிட்ட சிறு சுரங்கத்தில் திருகாணியால் இறுக்கப்படும்.

அந்தச் சுரங்கம் எங்கே இடப்படுகிறது என்பதில்தான் அறுவையின் பலன் இருக்கிறது. 2007இல் ஷோட்லே குழுவினர் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்த இடத்தைக் குறிக்கும் முறையை வகுத்தார்கள். அறுவை அரங்கில் எக்ஸ்ரே கருவியை வைத்து, தொடை எலும்பின் இரண்டு குமிழ்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியும்வரை காலைத் திருப்பி, அதன் பிறகே கம்பியை வைக்கிறார்கள். பிறகு நாணைப் பொருத்துமுன் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறார்கள். மடக்கும்போது நாண் தளர்ந்தால் இடம் சரி. மடக்க மடக்க இறுகினால் சுரங்கம் மேலே போய்விட்டது. துளையிடுமுன்னே கம்பியை மாற்றி வைக்கவேண்டும். எலியாஸ், காஸ்கரியா ஆகியோர் 2006இல் கணினி மாதிரியில் காட்டியபடி, பொருத்தும் இடம் 5 மில்லிமீட்டர் மேலே போய், நாண் 3 மில்லிமீட்டர் குட்டையாகவும் அமைந்தால், சில்லின் உட்பக்கக் குருத்தெலும்பின் மீது விழும் சுமை மிகக் கூடிவிடும். இறுக்கம் எவ்வளவு வேண்டும் என்று ஆராய்ந்த ஆய்வகச் சோதனையில் 2 நியூட்டன் இழுப்பே போதும் என்று தெரிந்தது. 200 கிராம் எடையைத் தொங்கவிட்டால் வரும் இழுப்பு அது. கிராசிலிஸ் நாணோ 800 நியூட்டனுக்கு மேல் தாங்கும். இயற்கையான தசைநாரைவிட நான்கு மடங்கு வலியது. வலிமை அதிகமாவது இங்கே பாதுகாப்பைக் கூட்டாமல் அபாயத்தையே கூட்டுகிறது. இயற்கை நார் தவறான இடத்தில் இருந்திருந்தால் கிழிந்து விட்டுக்கொடுத்திருக்கும். வலிய நாண் விட்டுக்கொடுக்காது, குருத்தெலும்புதான் விட்டுக்கொடுக்கும். கயிறு கன்றை முளையோடு சேர்த்து இறுக்கிவிடுகிறது. இளம் நோயாளிகளின் 179 முழங்கால்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சிக்கல் நேர்ந்தவற்றில் ஏறத்தாழ பாதி செய்முறைத் தவறுகளால் வந்தவை, தவிர்த்திருக்கக் கூடியவை என்று அதை எழுதியவர்களே பதிவு செய்தார்கள்.

மறுப்புகள்

கத்தி எதற்கு, தசையை வலுப்படுத்தும் பிசியோதெரபி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. முதல்முறை நழுவியவர்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி பெரும்பாலும் சரியானது. பின்லாந்தில் குழந்தைகளுக்கு உடனடி அறுவையையும் அறுவையில்லாச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட நீண்டகால முடிவில், மறுபடி நழுவியது அறுவையில்லாக் குழுவில் 71 சதவீதம், அறுவைக் குழுவில் 67 சதவீதம். கிழிந்ததை உடனே தைத்ததால் சொல்லத்தக்க நன்மை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மறுபடி மறுபடி நழுவுபவர்களின் நிலை வேறு. எலும்பில் பெரிய கோளாறு இல்லாத அத்தகைய நோயாளிகளை நோர்வேயில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும் மற்றதற்கு நார் அமைப்பும் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின் பயிற்சிக் குழுவில் பத்துக்கு நான்கு பேர் சில்லு நிலையில்லாமல் இருப்பதாகச் சொன்னார்கள். அறுவைக் குழுவில் பத்தில் ஒருவரைவிடக் குறைவு. தசை சில்லை வழிநடத்தும். அறுந்த நாரின் வேலையை அதனால் செய்ய முடியாது. அறுவைக்கு முன்னும் பின்னும் பிசியோதெரபி இன்றியமையாதது என்பது இதனால் மாறவில்லை.

அப்படியானால் முதல் நழுவலோடு யாருக்கும் அறுவை வேண்டாமா என்றால், அதற்கும் ஒரே சொல்லில் பதில் இல்லை. சின்சினாட்டியில் சிறார்களை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை நான்கு ஆபத்துக் காரணிகளைச் சேர்த்துப் பார்த்தது: பள்ளத்தின் ஆழமின்மை, வளர்ச்சி முடியாத எலும்பு, மற்றக் காலிலும் நழுவிய வரலாறு, உயர்ந்து நிற்கும் சில்லு. நான்கும் இருந்தால் மறுபடி நழுவும் வாய்ப்பு 88 சதவீதம். ஒன்றுமே இல்லையென்றால் 14 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இருவரையும் ஒரே விதியால் நடத்துவது நியாயமாகாது. அறுவை தேவையா என்ற முதல் முடிவிலேயே அளவை தொடங்கிவிடுகிறது.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இத்தனை கோளாறுகள் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே அறுவையில் திருத்திவிட்டால் என்ன? திருத்த வழிகள் இருக்கின்றன. மேடு வெளிப்பக்கம் இருந்தால் அதைச் சாய்வாக வெட்டி, உட்பக்கம் நகர்த்துகையிலேயே முன்னாலும் வரும்படி செய்யும் ஃபுல்கர்சன் முறை 1983இல் வந்தது. ஹவுசர் செய்த பிழைக்கு அது நேர் மருந்து. சில்லு உயர்ந்திருந்தால் மேட்டைக் கீழே இறக்கலாம். பள்ளம் புடைத்திருந்தால் குருத்தெலும்பை மெல்லிய தகடாகத் தூக்கி, அடியிலுள்ள எலும்பைக் குடைந்து, மறுபடி படியவைத்துப் பள்ளம் உருவாக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கிறது. மேட்டை வெட்டினால் எலும்பு கூடும்வரை காத்திருக்கவேண்டும். கீழ்க்கால் எலும்பு முறியவும் வாய்ப்புண்டு. பள்ளம் குடைவது மூட்டின் குருத்தெலும்பையே தொடும் வேலை, விறைப்பு வரலாம், தேய்ந்த மூட்டிலும் வளரும் எலும்பிலும் அதைச் செய்யக்கூடாது. நியூயார்க்கின் ஹாஸ்பிட்டல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரி மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மேட்டின் தூரமும் சில்லின் உயரமும் என்னவாக இருந்தாலும் நாரை மட்டும் அமைத்தார்கள். இரண்டாண்டு முடிவில் மிகப் பெரும்பாலோருக்குச் சில்லு மறுபடி நழுவவில்லை.

அந்த ஆய்வே என் வாதத்தைக் குலைக்கிறது என்று சொல்லலாம்: நாரை மட்டும் அமைத்தாலே போதுமென்றால் அளப்பது எதற்கு? இது வலுவான கேள்வி. அந்த ஆய்வு எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதில் முதல் பதில் இருக்கிறது. காலை நீட்டும்போது சில்லு வெளிப்பக்கம் துள்ளிக் குதிப்பவர்கள், குருத்தெலும்புச் சேதத்தால் வலியுள்ளவர்கள் அதில் இல்லை. பள்ளம் கடுமையாகப் புடைத்திருப்பவர்களுக்கு நாரை மட்டும் அமைத்தால் நிலையின்மை எஞ்சி நிற்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. யாருக்குச் சிறிய அறுவை போதும், யாருக்குப் போதாது என்று பிரித்தது அளவைதான். இன்னொரு பதில், எந்த எண்ணும் தனியே தீர்ப்பாகாது என்பது. 20 மில்லிமீட்டர் என்ற எல்லை சி.டி. ஸ்கேனில் எடுத்தது, அதே முழங்காலை எம்.ஆர்.ஐ.யில் அளந்தால் சில மில்லிமீட்டர் குறைவாக வரும். முழங்கால் எவ்வளவு மடங்கியிருந்தது என்பதைப் பொறுத்தும் மாறும். 19 வந்தால் வேண்டாம், 21 வந்தால் வெட்டு என்று நடப்பது அளவையைப் புரிந்துகொள்ளாத செயல். ஆக, நியூயார்க் முடிவு இந்த வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை. தேவைக்கு மேல் திருத்தாதே என்ற அதன் இரண்டாம் பாதிக்கு வலுச் சேர்க்கிறது.

வளரும் பிள்ளைகளிடம் இந்த அளவடக்கம் இன்னும் முக்கியம். எலும்பின் வளர்ச்சித் தகடு திறந்திருக்கும் வயதில் முன்மேட்டை வெட்டினால் முன்பக்க வளர்ச்சி நின்று, கால் பின்னோக்கி வளையக்கூடும். தொடை எலும்பில் நாரைப் பொருத்தும் இடமும் வளர்ச்சித் தகட்டை ஒட்டியே இருப்பதால் சுரங்கத்தை அதைத் தொடாமல் கீழ்நோக்கி இடவேண்டும். அதேசமயம் வளர்ச்சியே மருந்தாகவும் ஆகும். முழங்கால்கள் உட்பக்கம் ஒட்டி வளையும் கோளாறுதான் காரணமென்றால், வளர்ச்சித் தகட்டின் உட்பக்கத்தில் சிறு உலோகத் தகடு ஒன்றைத் திருகிவைத்தால் போதும். உட்பக்க வளர்ச்சி தாமதமாக, வெளிப்பக்கம் வளர்ந்து, மாதங்கள் செல்லச் செல்லக் கால் நேராகும். நேரானதும் தகட்டை எடுத்துவிடலாம். எலும்பை வெட்டாமல், அதன் போக்கை மட்டும் மாற்றும் சிகிச்சை இது.

நோயாளி கேட்கவேண்டியவை

இந்த அறுவைகள் எதைத் தரும், எதைத் தராது என்பதும் தெளிவாக இருக்கவேண்டும். மின்னசோட்டாவின் ஓல்ம்ஸ்டெட் மாவட்டத்தில் நழுவல் கண்டவர்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்ததில், 25 ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தேய்மானம் வந்திருந்தது. நழுவாதவர்களில் அது பத்தில் ஒருவரைவிடக் குறைவு. ஆகவே விட்டுவைப்பதும் தீங்கற்ற வழி அல்ல. ஆனால் இன்றைய அறுவை இந்தத் தேய்மானத்தைத் தடுக்கிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டிருப்பது சில்லு நிலைப்படுகிறது என்பது. காலின் மீது நம்பிக்கை திரும்புகிறது என்பது. அறுவைக்குப் பின் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பயிற்சி செய்தே விளையாட்டுக்குத் திரும்ப முடியும் என்பதையும் சேர்த்தே எடைபோடவேண்டும். இந்த எல்லைக்குள் பேசும் மருத்துவர் நேர்மையானவர். இதைத் தாண்டி வாக்குக் கொடுப்பவரிடம் எச்சரிக்கை தேவை.

அறுவைக்குச் சம்மதம் கேட்கப்படும்போது, நோயாளியோ பெற்றோரோ சில கேள்விகள் கேட்பது அவர்கள் உரிமை. என் சில்லு எதனால் நழுவுகிறது? பள்ளத்தின் வடிவம், சில்லின் உயரம், மேட்டின் தூரம் மூன்றும் அளக்கப்பட்டனவா? செய்யப்போகும் அறுவை அவற்றில் எதைத் திருத்துகிறது, எதை வேண்டுமென்றே விட்டுவைக்கிறது, ஏன்? நாண் பொருத்தும் இடத்தை அறுவையின் நடுவே எக்ஸ்ரேயில் சரிபார்ப்பீர்களா? எல்லா நழுவலுக்கும் ஒரே அறுவை செய்பவரால் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாது. அளந்து பார்த்தவர், அளவுகளைக் காட்டி, சிறிய அறுவை போதுமா போதாதா என்று காரணத்தோடு சொல்வார். ஹவுசரின் காலத்து நோயாளிக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க வழி இருக்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அளவுகோல் இருக்கவில்லை. இன்று இரண்டும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் இளம் வயதினர் ஒருவரின் முழங்காலில் கத்தி வைப்பதற்கு இனிச் சாக்கு எதுவும் இல்லை.